லட்டா, பணியாரக் கல்லா?

"அந்தப் பிள்ளைங்கள உட்காரச் சொல்லுடா. எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க?"

அம்மா இதைச் சொன்னபோது வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்தேன். ஊரப்பாக்கத்தில் காரணைப்புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கிய தெரு எங்களுடையது. தண்ணீர் லாரி ஒன்று நின்றிருந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை.

"எந்தப் பிள்ளைங்கம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. வாய் தவறி எதையோ சொல்லிவிட்டவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரையை வேகமாக உருவினாள்.

ராத்திரி என் மகள்தான் விஷயத்தை உடைத்தாள். "ஆயாவுக்கு மூணு மாசமா தெரியுதாம்ப்பா. உன்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிடுச்சு."

அம்மாவுக்கு வயது 79. நாலு வருஷத்துக்கு முன்னால் வலது கண்ணில் நடுப்பார்வை போனது. பிறகு இடது கண்ணும் அதே வழியில் போனது. 'கண்ணு நரம்பு தேய்ஞ்சுபோச்சு' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வோம். உண்மையில் தேய்ந்தது நரம்பு இல்லை, விழித்திரையின் நடுப்பகுதி. எதிரே நிற்கிறவரின் காது தெரியும், தலைமுடி தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்வாள். ஆனால் வீட்டுக்குள் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடப்பாள். ஓரப்பார்வை இன்னும் இருக்கிறது.

முதலில் வந்தவை கோலங்களாம். டிவிக்குப் பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவரில் புள்ளிகள், புள்ளிகளைச் சுற்றிக் கோடுகள். சில நாள் செங்கல் அடுக்கியது போல, சில நாள் ஜன்னல் ஜாலி போல. அப்புறம் ஓர் அரளிப்பூ நிறம், உருவமே இல்லாமல் வெறும் நிறமாக. அதற்கப்புறம்தான் ஆட்கள். முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னப் பெண்பிள்ளைகள், பாவாடை சட்டை, பின்னல். அவர்களுக்குப் பின்னால் கல்யாண ஊர்வலத்து பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி தொப்பி வைத்த ஆண்கள். சுவரோரமாக வரிசையாக நடந்து, பீரோ பக்கம் போய் மறைந்துவிடுவார்களாம்.

பயந்தது அம்மா இல்லை, நாங்கள். பக்கத்து வீட்டு அம்மாள் 'காத்து கருப்பு' என்றார். என் மனைவி, "அத்தை, ஒரு தடவை மந்திரிச்சிட்டு வந்துடலாம்" என்று கூட்டிப்போய்க் கயிறு கட்டி வந்தாள். நான் படித்தவனைப் போல ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் மூன்று நிமிஷத்தில் மறதி நோயின் ஆரம்பம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு அம்மா பகலெல்லாம் தூங்கினாள். விழித்திருந்த கொஞ்ச நேரத்தில் ஊர்வலம் வழக்கம்போல வந்து போனது. கயிறும் மாத்திரையும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் எழும்பூர். எங்கள் ஊர் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் மாறாமல் போய்விடலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனை என்று சொல்வார்கள். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர். அம்மாவின் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அவங்க ஏதாச்சும் பேசுறாங்களாம்மா? சத்தம் கேக்குதா?"

"வாயே தொறக்க மாட்டாங்கம்மா."

"அவங்க நிஜமா இருக்காங்கன்னு நெனக்கிறீங்களா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நிஜமா இருந்தா இந்நேரம் என் கால்ல இடிச்சிருக்க மாட்டாங்களா?"

டாக்டர் சிரித்தார். "பாட்டி, உங்க மனசு நல்லா இருக்கு. கண்ணுலேருந்து சேதி வர்றது நின்னுபோச்சு. மூளைக்குச் சும்மா இருக்கத் தெரியல. அதுவா படம் போடுது. இதுக்கு ஒரு பேரே இருக்கு."

சந்தேகத்துக்கு நரம்பு டாக்டரிடமும் ஒரு முறை காட்டச் சொன்னார். குரல்களும் கேட்டாலோ, பார்ப்பதை நிஜம் என்று நம்பினாலோ அது வேறு கதை, வேறு வைத்தியம். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை. வெளியே மார்ஷல்ஸ் ரோட்டில் ஆட்டோவுக்கு நின்றபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லியேடா?" என்றாள். மூன்று மாதமாக அவள் தூங்காமல் படுத்திருந்தது இந்த ஒரு கேள்வியோடுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தப் பேர், சார்லஸ் பொன்னே. ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆராய்ச்சியாளர். அவருடைய தாத்தா சார்லஸ் லுல்லான் தொண்ணூறை நெருங்கும் வயதில், கண்புரையால் பார்வை மங்கியிருந்தபோது, வீட்டுக்குள் ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தோன்றி மறைவதைக் கண்டார். அவை நிஜமில்லை என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. பேரன் அதை 1760இல் எழுதி வைத்தார். ஆக, எங்கள் வீட்டுச் சுவரில் நடந்த ஊர்வலத்துக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பழைய அண்ணன் ஒருவன் இருக்கிறான்.

இதையெல்லாம் எனக்கு ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னவள் என் மகள். எனக்குத் தெரிந்த தொழில் வேறு. 26 வருஷம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் போர்டு எழுதியவன் நான். தகரப் போர்டு, சுவர் விளம்பரம், லாரி நம்பர், கல்யாண மண்டபத்துப் பெயர். ஃபிளக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் போனது. இப்போது சனி, ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணை ஏமாற்றுவதுதான் என் தொழில் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஏமாந்தது கண் இல்லையாம்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு போர்டு. கடைப் பெயரை மாஸ்டர் எழுதிவிட்டு, கீழே ஒரு தட்டு நிறைய லட்டு வரையச் சொல்லி என்னிடம் விட்டுப் போனார். பெரிய ஓவியன் என்று எனக்கு நினைப்பு. நிஜ லட்டையே வாங்கி வைத்து வரைய உட்கார்ந்தேன். ராத்திரி. பட்டறையில் ஒற்றைக் குண்டு பல்பு, அதுவும் கீழே தரையில் கிடந்தது. லட்டின் அடிப்பக்கம் வெளிச்சம், மேல்பக்கம் இருட்டு. கண்ணால் பார்த்ததை அப்படியே எனாமலில் இறக்கினேன். காலையில் கடைக்காரர் வந்து போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இது லட்டா, பணியாரக் கல்லா?"

அவர் சொன்னது சத்தியம். ஒவ்வொரு லட்டும் ஒரு குழியாகத்தான் தெரிந்தது. மாஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. போர்டைத் தூக்கித் தலைகீழாகச் சாத்தினார். எழுத்தெல்லாம் கவிழ்ந்தது, லட்டுகள் மட்டும் உருண்டையாக எழும்பி வந்தன. "வெளிச்சம் எப்பவும் மேலேருந்துதான் வரும்டா. நீ கீழ வெச்சாலும் பாக்குறவன் மேலதான் வெச்சுப்பான்" என்றார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு ஷேடு போட்டிருக்கிறேன். எல்லாம் கீழ்ப்பக்கம், வலது ஓரம். இப்படிப் போட்டால்தான் எழுத்து போர்டை விட்டு வெளியே நிற்கும்.

மாஸ்டர் சொன்ன அதே விஷயத்தை 1988இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியவர் வி.எஸ். ராமச்சந்திரன். 1951இல் பிறந்தவர், அரசியல் சாசன வரைவில் பங்கெடுத்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன், நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மருத்துவ மாணவராக இருந்தபோதே, பார்வையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'நேச்சரில்' வந்திருக்கிறது. பிறகு கேம்பிரிட்ஜ், அப்புறம் கலிபோர்னியாவின் சான் டியேகோ.

அவர் லட்டு வரையவில்லை. வெறும் வட்டங்கள், ஒரு பக்கம் வெளுப்பில் தொடங்கி மறுபக்கம் கறுப்பில் முடிகிறவை. மேல்பக்கம் வெளுத்தவை முட்டையாகப் புடைத்துத் தெரியும். கீழ்ப்பக்கம் வெளுத்தவை குழியாகத் தெரியும். தாளைத் திருப்பினால் முட்டை குழியாகும், குழி முட்டையாகும். லட்சக்கணக்கான வருஷமாக ஒரே ஒரு சூரியன், அதுவும் தலைக்கு மேலே. அந்தப் பழக்கத்தை மூளை ஒரு விதியாகவே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்ததுதான். தாளைத் திருப்பாமல், குனிந்து கால்களுக்கு இடையே தலைகீழாகப் பார்த்தாலும் முட்டையும் குழியும் இடம் மாறிவிடுகின்றன. சூரியன் வானத்தில் அதன் இடத்திலேயே இருந்தாலும் மூளையின் இந்த வேலைப் பிரிவுக்கு 'மேலே' என்றால் தன் தலைக்கு மேலேதான். பணியாரக் கல்லை மேலிருந்து போனில் படம் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நிறைய பேருக்குப் பணியாரமே தெரியும்.

இந்த விதி விலங்குகளின் மூளையிலும் இருக்க வேண்டும். கிண்டி காட்டு வெளிமானின் முதுகு அடர்நிறம், வயிறு வெள்ளை. வெயிலில் மேல்பக்கம் வெளுத்து அடிப்பக்கம் நிழலாக வேண்டிய உடம்பு, இந்த எதிர்ப்பூச்சால் தட்டையாகிப் புல்வெளியோடு போய்விடுகிறது. என் தொழிலை எனக்கு முன்னாலேயே யாரோ மான் தோலில் செய்து முடித்துவிட்டார்கள், அதுவும் தலைகீழாக.

சரி, கண் என்னதான் செய்கிறது?

கண் கேமரா இல்லை. நம் விழித்திரை ஒன்றில் மங்கிய ஒளிக்கான செல்கள் சுமார் 12 கோடி, நிறத்துக்கும் நுணுக்கத்துக்குமான செல்கள் சுமார் 60 லட்சம். இத்தனையும் சேர்த்துச் சொல்கிற சேதியைத் தூக்கிப்போகும் பார்வை நரம்பில் இருப்பதோ பத்து லட்சம் சொச்சம் இழைகள். அதனால் வடிகட்டுதல் கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கே வெளிச்சம் மாறுகிறது, எங்கே விளிம்பு இருக்கிறது என்பதற்குத்தான் அங்கே மரியாதை. வெறும் வெள்ளைச் சுவர் பெரிய சேதி இல்லை.

இரண்டு கண்களின் நரம்பும் மூளைக்கு அடியில் ஒரு ஜங்ஷனில் சந்திக்கின்றன. இழைகளில் பாதி அங்கே தடம் மாறும். உங்களுக்கு இடது பக்கம் இருக்கிற உலகம், அதை எந்தக் கண் பார்த்தாலும், மூளையின் வலது பாதிக்குப் போகும். வலது உலகம் இடது பாதிக்கு. அங்கிருந்து தலாமஸ் என்ற நடு நிலையம் வழியாகப் பின்மண்டைக்கு. கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரிக்கு மேலே புடைத்திருக்கிற எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பார்வையின் முதல் பட்டறை அதற்கு உள்ளேதான். முன்னால் இருக்கிற கண்ணுக்கு இவ்வளவு பின்னால் பட்டறை வைத்தது யார் யோசனையோ.

அந்தப் பட்டறையில் என்ன வேலை நடக்கிறது என்பது தற்செயலாகத் தெரியவந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1950களின் கடைசியில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் ஒரு பூனையின் பின்மூளையில் ஒற்றைச் செல்லுக்குள் நடப்பதை மின்கம்பியால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். புள்ளி வைத்த கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றித் திரையில் காட்டினார்கள். மணிக்கணக்காகச் செல் வாயைத் திறக்கவில்லை. திடீரென்று ஒரு சில்லைச் செருகும்போது படபடவென்று பொரிந்தது. புள்ளிக்காக இல்லை. கண்ணாடியின் விளிம்பு ஒரு மெல்லிய நிழற்கோடாகத் திரையில் நகர்ந்ததே, அதற்காக. ஒவ்வொரு செல்லும் குறிப்பிட்ட சாய்வில் இருக்கிற கோட்டுக்கு மட்டும் துள்ளுகிறது. ஒன்று செங்குத்துக்கு, ஒன்று படுக்கைக்கு, ஒன்று சாய்வுக்கு. 1981இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டதும் எனக்கு மாஸ்டர் ஞாபகம்தான். வண்ணத்தைத் தொடுவதற்கு முன்னால் நூல் தட்டி, சாக்பீஸால் அவுட்லைன் போடச் சொல்வார். மூளையும் அவுட்லைனில்தான் ஆரம்பிக்கிறது. அதன் பிறகு வேலை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நிறத்துக்கு ஒரு பகுதி, அசைவுக்கு ஒரு பகுதி. முகத்துக்கென்றே காதுக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில் ஒரு பகுதி உண்டு. நான்சி கான்விஷரும் கூட இருந்தவர்களும் 1997இல் அதைத் தெளிவாகக் காட்டினார்கள்.

இப்போது அம்மாவின் சுவருக்கு வருவோம். கோலம், பிறகு நிறம், பிறகு முகங்கள். லண்டனில் டொமினிக் ஃபிட்ச் என்ற மருத்துவர் 1998இல் அம்மாவைப் போன்றவர்களை ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்துப் பார்த்தார். நிறம் தோன்றுகிறவருக்கு நிறத்துக்கான பகுதி விழித்திருந்தது. முகம் தோன்றுகிறவருக்கு முகத்துக்கான பகுதி. நாம் எதையாவது கற்பனை செய்யும்போது இந்த அளவுக்கு நடப்பதில்லை. அம்மா ஊர்வலத்தைக் 'கற்பனை' செய்யவில்லை. பார்த்தாள். பார்ப்பதற்கு மூளையில் என்னென்ன நடக்க வேண்டுமோ அதில் பெரும்பகுதி நடந்தது. வெளியே ஆள்தான் இல்லை.

ஏன் நடக்கிறது என்பதற்குக் கணக்கு இப்படிப் போகிறது. கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நமக்குக் கூர்மையான பார்வை. மற்ற இடமெல்லாம் மங்கல். கண் ஒரு நொடிக்கு மூன்று முறை தாவித் தாவி மேய்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்த நகமளவு இடத்துக்குப் பின்மூளை ஒதுக்கியிருக்கிற பரப்பு மிகப் பெரியது. ஊரில் ஒரு சென்ட் நிலம், ஆனால் தாலுகா ஆபீஸில் அதற்கு மட்டும் பாதிக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அழிந்தது சரியாக அந்த ஒரு சென்ட்தான். கட்டடத்தில் இத்தனை பேர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், கோப்பு வரவில்லை.

வேலை இல்லாதவன் கை சும்மா இருக்காது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஃபிளக்ஸ் வந்து ஆர்டர் நின்றபோது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஈரத் தரையில் விரலால் 'அ' எழுதிக்கொண்டிருப்பேன், வளைவுக்கு ஷேடு கூடப் போட்டு. மனைவி தண்ணீர் ஊற்றி அழிப்பாள். எழுதுவது எனக்கே தெரிந்திருக்காது.

இப்படிக் காட்சி தோன்றுவதற்குக் கண் கெட்டிருக்கவே வேண்டியதில்லை. 2004இல் லொத்ஃபி மெராபெட் என்பவரும் சகாக்களும், பார்வை நன்றாக இருக்கிற 13 பேரின் கண்ணை ஐந்து நாள் இறுகக் கட்டி வைத்தார்கள். பத்துப் பேருக்குக் காட்சிகள் வந்துவிட்டன. சிலருக்கு முதல் நாளே. கட்டை அவிழ்த்ததும் போய்விட்டன.

ராமச்சந்திரன் இந்த நோயைப் பற்றியும் எழுதியிருக்கிறார், 1998இல் வந்த தன் புத்தகத்தில். வெட்டுப்பட்ட கை இன்னும் இருப்பதாக வலிக்கிறது என்று சொல்கிறவர்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் அவர். போன கை வலிப்பதும் போன பார்வையில் படம் வருவதும் உறவுக்காரச் சங்கதிகள் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. விபத்தில் பார்வையின் கீழ்ப்பாதியை இழந்த ஒரு நோயாளி அவரிடம் வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர், உங்கள் மடியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாராம். மடி, அவருக்குப் பார்வை இல்லாத கீழ்ப்பாதியில் இருந்தது. குரங்கு இருக்க முடியாது என்றும் அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "நல்ல வேளை, நம்ம வீட்டுக்குப் புள்ளைங்கதான் வந்துச்சு" என்றாள்.

'பாவம், வயசானவங்க' என்று சொல்லித் தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டை விரல்களை ஒட்டி நிறுத்துங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் இடது கட்டை விரலையே பாருங்கள், பார்வை நகரக் கூடாது. இப்போது வலது கையை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வலது விரலின் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் துவாரம் அது. அங்கே ஒளி வாங்கும் செல்லே கிடையாது. பிறந்ததிலிருந்து இரண்டு கண்ணிலும் இந்தப் பொத்தலோடுதான் இருக்கிறோம்.

விரல் போன இடத்தில் கறுப்பு ஓட்டை தெரிந்ததா? தெரிந்திருக்காது. பின்னால் சுவர் இருந்தால் சுவர், பாய் இருந்தால் பாயின் கோடு. சுற்றி இருப்பதைப் பார்த்து மூளை ஒட்டுப்போட்டுவிட்டது. சுவரில் காரை பெயர்ந்தால் பூசிவிட்டுப் பக்கத்து நிறத்தையே இழுத்துவிடுவோமே, அந்த மாதிரி. நம் எல்லோருக்கும் தினமும் ஓர் ஒட்டு. அம்மாவுக்கு ஒட்டுப்போட வேண்டிய இடம் கொஞ்சம் பெரியது, பூச்சுக்காரன் கொஞ்சம் கலாரசிகன்.

தலாமஸ் என்றேனே, கண்ணுக்கும் பின்மூளைக்கும் நடுவில் இருக்கிற நிலையம். அங்கே வந்து சேரும் இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தில் கணிசமான பங்கு மேலே மூளையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பி, வருவதை அதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது மூளை என்பது இப்போது பலர் ஏற்கிற விளக்கம். போர்டு எழுதியவனுக்கு இது புதிதில்லை. பஸ் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஜன்னல் சீட்டுக்காரர் என் போர்டை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. முதல் எழுத்தும் மொத்த உருவமும் போதும், மீதியை அவரே எழுதிக்கொள்வார். ஒரு முறை 'உணவகம்' என்பதில் 'வ' விட்டுப்போய் 'உணகம்' என்று எழுதித் தொலைத்தேன். கூடுவாஞ்சேரியில் அந்த போர்டு எட்டு மாதம் தொங்கியது. முதலில் கண்டுபிடித்தது இரண்டாம் வகுப்புப் பையன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன்.

அம்மாவுக்கு மருந்து ஏதும் தரவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தவை சின்னச் சின்ன வித்தைகள். ஊர்வலம் வந்தால் கண்ணை நன்றாக இமைப்பது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் சில முறை ஓட்டுவது, எழுந்து விளக்கைப் போடுவது. மங்கிய வெளிச்சமும் தனிமையும்தான் இந்த விருந்தாளிகளுக்குப் பிடிக்கும். அதனால் சாயங்காலமானால் மகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ வைக்கிறாள். ஊர்வலம் குறைந்துவிட்டது. இப்போது வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ. பலருக்கு நாளாக ஆகத் தானாகவே ஓய்ந்துவிடுமாம், காத்திருந்து அலுத்துப்போன மூளை வேறு வேலைக்குத் திரும்பிவிடுவது போல.

என்னைக் கேட்டால், இதற்கு முதல் மருந்து அந்தப் பெண் டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டதுதான். நம் தெருக்களில் எத்தனை ஆயாக்கள் இதை யாரிடமும் சொல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. சொன்னால் கயிறு, இல்லாவிட்டால் தூக்க மாத்திரை என்ற பயம். வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால், 'ஏதாச்சும் வித்தியாசமா தெரியுதாம்மா?' என்று ஒரு தடவை சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்.

போன மாதம் பரணிலிருந்து ஒரு பழைய தகரத்தை இறக்கி பிரைமர் அடித்தேன். வெகு நாளைக்குப் பிறகு எனாமல் டப்பாவைத் திறந்த வாசனை வீடு முழுக்க. அம்மா பார்ப்பதை அம்மா சொல்லச் சொல்ல வரைவது என்று திட்டம். முதல் பிள்ளைக்கு ஒற்றைப் பின்னல் போட்டேன். அம்மா நேராகப் பார்க்காமல் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணைத் தகரத்தின் மேல் கொண்டுவந்தாள். நேரே பார்த்தால் அவளுக்கு மறைந்துவிடும்.

"ரெட்டைப் பின்னல்டா. ரிப்பன் வேற."

திருத்தினேன். பாவாடைக்கு அரளி நிறம் கலந்து காட்டினேன். இன்னும் கொஞ்சம் வெளுப்பு என்றாள். நாலு பிள்ளைகள் முடிந்ததும் வழக்கம்போல மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக் கால்களுக்குக் கீழே, வலது பக்கமாக நிழல் இழுக்க ஆரம்பித்தேன். நிழல் இல்லாமல் ஆள் தரையில் நிற்க மாட்டார் என்பது மாஸ்டர் பாடம்.

"அது என்னடா கறுப்பா?"

"நிழலும்மா."

"அத எடுத்துடு" என்றாள் அம்மா. "அதுங்களுக்கு நிழலே கெடையாது."